பூனை மீட்புச் சாமான்கள்: கூண்டு முதல் பால்கனி வலை வரை

சென்னையில் தெருநாய்க் கருத்தடைக்கு நீண்ட பழக்கம் உண்டு. புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு 1964-இல் தொடங்கிய முறையை மாநகராட்சி 1996-இல் ஏற்றுக்கொண்டது. வண்டி, வலை, பழகிய ஆட்கள் எல்லாம் நாய்களை மனதில் வைத்து உருவானவை. பூனை விஷயத்தில் பெரும்பாலும் தெருவில் சோறு வைக்கிறவரேதான் பிடிக்கிறவர், குட்டிக்குப் பால் புகட்டுகிறவர், வீடு தேடித் தருகிறவர். அவர் கடையில் எதை வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த மதிப்பீடு.

முதலில் கூண்டு. கொக்கியில் இரையை மாட்டி, இழுத்தால் கதவு விழும் வகை ஒன்று. பெரிய எலிக்கூண்டு போலப் பட்டறைகளில் செய்து தருவார்கள். உள்ளே மிதிதட்டு வைத்தது இன்னொன்று. கொக்கி வகை வேண்டவே வேண்டாம். எலி இரையைக் கவ்வி இழுக்கும். பூனை முகர்ந்து, நக்கி, ஓரத்தில் கொஞ்சம் கடித்துப் பார்க்கும். பல நேரம் கதவு விழாது. விழுந்தாலும் பாதி உடம்பு வெளியே இருக்கும்.

மிதிதட்டுக் கூண்டிலும் அளவுதான் முக்கியம். நீளம் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வளர்ந்த கடுவனுக்கு 36 வேண்டும். அகலமும் உயரமும் 10 முதல் 12 அங்குலம். குட்டைக் கூண்டில் கதவு இடுப்பின் மேல் விழுகிறது. பூனை பின்வாங்கி ஓடிவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் கூண்டுப் பக்கமே வராது. கம்பி இடைவெளி ஒரு பக்கம் ஒரு அங்குலம், மறுபக்கம் அரை அங்குலம் இருந்தால் நல்லது. 2 அங்குலக் கண்ணியில் குட்டியின் தலை மாட்டிக்கொள்ளும். பெரிய பூனை வெளியிலிருந்தே கையை விட்டு மீனை எடுத்துக்கொள்ளும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மிதிதட்டில் வைத்தால் கதவு விழ வேண்டும், ஆனால் கூண்டை லேசாகத் தட்டினால் விழக் கூடாது. அடுத்து, கதவு மூடியதும் கூண்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். கதவு திறந்துகொண்டால் அது பூனைக்கு ஆகாது. பிடிபட்ட பூனை உள்ளே உருண்டு புரளும், அந்த ஆட்டத்தில் கூண்டு கவிழ்வது சகஜம்.

வாங்கிய அன்றே பிடிக்கப் போகாதீர்கள். கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, மூன்று நான்கு நாள் ஒரே நேரத்தில் உள்ளேயே சோறு வையுங்கள். பிடிக்கும் நாளில் வேகவைத்த மத்தியோ சுட்ட நெத்திலிக் கருவாடோ போதும். அதை மிதிதட்டுக்கு அப்பால், கடைசி மூலையில் வைக்க வேண்டும். தரையில் செய்தித்தாள் விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். காற்றில் தாள் படபடத்தால் பூனை திரும்பிவிடும். எறும்பு ஏறிய மீனையும் தொடாது. அரை மணிக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள். கதவு விழுந்த நொடியே பழைய போர்வையால் கூண்டு முழுவதையும் மூடுங்கள். இருட்டானதும் பூனை அடங்கும். மூடாவிட்டால் கம்பியில் முகத்தை மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கண்பார்வைக்கு அப்பால் கூண்டை விட்டுப் போகவே கூடாது. நம்மூர் வெயிலில் இரும்புக் கூண்டு எத்தனை வேகமாகக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாட்டியது பெண் பூனை என்றால் வயிற்றைப் பாருங்கள். காம்பைச் சுற்றி முடி நீங்கி, காம்பு சிவந்து நீண்டிருந்தால் எங்கோ குட்டி காத்திருக்கிறது. மோட்டார் ரூம், மீட்டர் பெட்டி, பழைய காரின் அடி எல்லாம் தேடிவிட்டு அப்புறம் மருத்துவமனைக்குப் போகலாம்.

கூண்டோடு கம்பிச் சீப்பு ஒன்றும் வாங்குங்கள், இல்லாவிட்டால் வெல்டரிடம் செய்துகொள்ளுங்கள். மேலிருந்து கம்பிகளுக்கிடையே செருகி, பூனையை ஒரு மூலைக்கு ஒதுக்க உதவும். மருத்துவர் கூண்டைத் திறக்காமலே மயக்க ஊசி போட்டுவிடலாம். இந்த வரிசையில் செலவு குறைந்த, பயன் மிகுந்த பொருள் இதுதான். வெல்டிங் கையுறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பூனையின் கோரைப்பல் கையுறையின் தோலை ஊடுருவும். கையில் உணர்வும் இல்லாததால் பிடி ஒன்று வழுக்கும், அல்லது நசுக்கும். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் தொடர்ந்து இருப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

கேரியரில் யோசிக்க அதிகமில்லை. கெட்டி பிளாஸ்டிக்கில் முன்னாலும் மேலேயும் திறக்கும் வகையே சிறந்தது. பயந்த பூனையை இழுக்காமல் மேலிருந்து தூக்கலாம். துணிப் பையின் ஜிப்பைப் பூனை மூக்கால் முட்டியே திறந்துவிடும். அட்டைப்பெட்டி சிறுநீரில் நனைந்து அடிப்பாகம் விட்டுப்போகும், அதுவும் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுதான்.

கண் திறக்காத குட்டி கிடைத்தால் எல்லாரும் முதலில் கேட்பது பாலைத்தான். அதற்கு முன் சூடு வேண்டும். முதல் வாரக் குட்டியின் உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் குடல் வேலை செய்யாது. அப்போது புகட்டும் பால் உள்ளேயே புளித்துக் குட்டியைக் கொல்லும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். குட்டி நகர்ந்து போக இடம் விடுங்கள், சூடு அதிகமானாலும் ஆபத்துதான்.

பசும்பால் கூடாது. பூனைப் பாலைவிட அதில் புரதம் குறைவு, லாக்டோஸ் மிகுதி. கழிச்சல் பிடித்தால் 150 கிராம் குட்டி ஒரே நாளில் வற்றிவிடும். ராயல் கேனின் பேபிகேட் மில்க் நாங்கள் தயங்காமல் சொல்லும் பொருள். 300 கிராம் பெட்டிக்குள் மூன்று 100 கிராம் பொட்டலங்கள் தனித்தனியாக இருப்பதால் ஒன்றைத் திறந்தால் மற்றவை ஈரம் வாங்குவதில்லை. கடற்கரை ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. விலை அதிகம்தான். கே.எம்.ஆர். என்னும் பூனைக்குட்டிப் பால்பொடி கிடைத்தால் அதுவும் நல்லதே. அதில் பொடி ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு பங்கு. கலந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் தொடாதீர்கள்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 4 மி.லி. என்பதே வயிறு தாங்கும் அளவு. முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வாரம் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை. குட்டியை வயிறு தரையில் படும்படி, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே வைத்துப் புகட்டுங்கள். கைக்குழந்தை போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். பெட்டியில் வரும் பாட்டிலில் துளை சரியாக இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஓடக் கூடாது. சிரிஞ்சில் புகட்டுபவர்கள் அடிக்கடி புதிதாக மாற்றுங்கள். நாலைந்து முறை கழுவியதும் உள்ளே இருக்கும் ரப்பர் ஒட்டிக்கொண்டு, அழுத்தும்போது திடீரென்று பீச்சும். பல குட்டிகள் போவது அந்த ஒரு அழுத்தலில்தான். பால் முடிந்ததும் ஈரப் பஞ்சால் அடியில் தடவினால்தான் சிறுநீர் போகும்.

இத்தனைக்கும் மேலாக ஒரு சமையலறைத் தராசு வேண்டும், ஒரு கிராம் வரை காட்டுவது. தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனிக்க வேண்டும், குறைந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். குட்டி சோர்ந்து படுப்பதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். அரசு வழியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது இந்த எடைக் கணக்கைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு வேலை பாதி குறையும்.

புதிதாக வந்த பூனையை 14 நாள் தனி அறையில் வையுங்கள். பான்லூகோபீனியா என்னும் வைரஸ் நோய் குட்டிகளைக் கூட்டமாக அள்ளிக்கொண்டு போகும், அந்தக் கிருமி தரையில் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். இங்கேதான் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது: பினாயில். இந்த வைரசை அது கொல்வதை நம்ப முடியாது. அதோடு, பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சு. 5 சதவீத ஹைப்போகுளோரைட் பிளீச்சை லிட்டருக்கு 30 மி.லி. கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதற்கு முன் சோப்பால் அழுக்கையும் சிறுநீரையும் அகற்றியிருக்க வேண்டும். அழுக்கில் பிளீச் வீணாகும், சிறுநீரில் பட்டால் மூச்சை அடைக்கும் வாயு வரும். திறந்து பல மாதமான பாட்டிலில் சத்து இருக்காது.

குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்து; தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடக்கம்; ரேபிஸ் மூன்று மாதத்தில். தத்துக் கொடுக்கும்போது இந்தத் தேதிகள் எழுதிய அட்டை குட்டியோடு போக வேண்டும். நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கும் என்பதால் கருத்தடைக்கு நாள் குறித்துக்கொண்டே கொடுங்கள்.

கடைசியாக, தத்தெடுப்பவர் வாங்க வேண்டிய பொருள்: பால்கனி வலை. வெல்க்ரோ கொசுவலையில் பூனை சாய்ந்தாலே பிரியும். புறா வலையை நாங்கள் ஏற்பதில்லை. நைலான் வெயிலில் நைந்துபோகும், பல்லுக்கும் தாங்காது, கண்ணி வழியே குட்டி நுழையும். கண்ணுக்குத் தெரியாத கிரில் என்று விற்கும் செங்குத்துக் கம்பிகளில் 2 அங்குல இடைவெளியே குட்டிக்குப் போதுமான வாசல். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை சீக்கிரமே துருவேறும். எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தரத்தில் 1 அங்குல வெல்டு மெஷ், திருகு போட்டுச் சட்டத்தோடு பொருத்தியது, இதுவே தேறும். பால்கனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குளியலறையில் தட்டுக் கண்ணாடி வென்டிலேட்டர், எக்சாஸ்ட் ஃபேன் எடுத்த ஓட்டை, ஏ.சி. குழாய்க்காக உடைத்த சுவர் எல்லாவற்றையும் கையால் அளந்து பாருங்கள். மூன்று விரல் நுழையும் இடத்தில் இரண்டு மாதக் குட்டி நுழையும். வேலை முடிந்த படம் உங்கள் கைக்கு வந்த பிறகே கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.