தி பிரெட்வின்னர்: பிள்ளைங்களோட உக்காந்து பாருங்க

ஸ்கூல் லீவுல பிள்ளைங்களோட என்ன படம் பார்க்கலாம்னு தேடுறவங்க இத விட்டுடாதீங்க. 2017ல வந்த அனிமேஷன், அயர்லாந்து கார்ட்டூன் சலூன் ஸ்டூடியோ எடுத்தது, டைரக்டர் நோரா டூமி, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. தாலிபான் பிடியில இருந்த ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூல்ல 11 வயசு பர்வானாவோட அத்தாவ ஜெயில்ல போட்டுடறாங்க, ஆம்பள துணை இல்லாம அம்மா வெளிய போனா அடி, கடைக்காரன் பொம்பளப் பிள்ளைக்கு சாமான் விக்க மாட்டான், வீட்டுல பசி, அப்புறம்தான் அவ முடிய வெட்டிக்கிட்டு பையனா சந்தைக்குப் போறா.

இந்த மாதிரி வெளிநாட்டுப் படங்க நெறைய பார்த்திருக்கேன், பாதிப் படத்துல புர்கா போட்டு அழுவுற பொண்ணு, தொழுவுறவன் எல்லாம் வில்லன், பாங்கு சத்தம் வந்தாலே பயமுறுத்துற மியூசிக். அஞ்சு வேளை தொழுவுற எனக்கு அது ரொம்ப வலிக்கும். இதுல அப்படி இல்ல. மகளுக்குப் படிப்பும் கதையும் சொல்லித் தர்றதே போர்ல ஒரு கால இழந்த அந்த அத்தாதான். ரஸாக்னு ஒரு தாலிபான் ஆளு, எழுதப் படிக்கத் தெரியாது, தனக்கு வந்த லெட்டர அவகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றான், அதுல அவன் பொண்டாட்டி மவுத்தான சேதி. அவன் முகத்தப் பார்த்து எனக்கே அழுகை வந்துடுச்சு. மார்க்கத்தச் சாக்கு சொல்லி அதிகாரம் பண்றவங்களத்தான் படம் கேள்வி கேக்குது, மார்க்கத்த இல்ல.

பர்வானா பாவப்பட்ட பிள்ளையாவே சுத்தல, கோவப்படுறா, பேரம் பேசுறா, அவள மாதிரியே வேஷம் போட்ட ஷவ்ஸியாவுக்கு கடல் பார்க்கணும்னு ஆசை. குறைனா எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுறது, நடுவுல வர்ற யானை ராஜா கதை பெரியவங்களுக்குக் கொஞ்சம் இழுவை, ஆனா மகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது.

பழைய கதைனு நெனைக்காதீங்க. 2021ல தாலிபான் திரும்பி வந்ததுலேருந்து ஆறாம் வகுப்போட பொண்ணுங்களுக்கு ஸ்கூல் முடிஞ்சுது, 2022 டிசம்பர்ல யூனிவர்சிட்டியும் மூடியாச்சு. நம்ம சிங்கப்பூர் பிள்ளைங்க பிரைமரி சிக்ஸ் முடிவுல பிஎஸ்எல்இ பரீட்சை எழுதிட்டு எந்த செகண்டரினு பார்க்குற வயசுல அங்க வீட்டுல உக்கார வச்சுடறாங்க. பிரைமரி ஃபைவ் படிக்கிற மககிட்ட இதச் சொன்னேன், அவளால நம்பவே முடியல.

அம்மாவ அடிக்கிற சீன் இருக்கு, பக்கத்துல உக்காந்துக்கோங்க. டைரக்டர் சித்திக் பர்மாக்கோட ஒசாமாங்கிற படமும் (2003) இதே மாதிரி வேஷம் போட்ட பொண்ணு கதைதான், காபூல்லயே எடுத்தது, கோல்டன் குளோப் வாங்குன அருமையான படம், ஆனா அதுல அந்தப் பிள்ளைய ஒரு கெழவனுக்குக் கட்டி வச்சுடுறாங்க, அத பிரைமரி பிள்ளைங்களுக்குக் காட்டாதீங்க.