லாரி கேபினுக்கு 24 வோல்ட் ஏசி: ஒரு கோடை ஓட்டிப் பார்த்த பிறகு

திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருக்கிறேன், பழைய வண்டி. கேபினில் ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் வந்த அறிவிப்பு புது லாரிகளுக்குத்தான், நம்ம வண்டிக்கு நாமதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்தக் கோடைக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு கடையில் பேட்டரி ஏசி போட்டேன், இன்ஜினை அணைத்துவிட்டும் ஓடும்.

குளிர்ச்சி அருமை. லோடு இறக்கக் காத்திருந்த மதியம், தொட்டால் சுடுகிற ஸ்டீயரிங் கால் மணி நேரத்தில் ஆறிவிட்டது, டிரைவர் தம்பி ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினார். மீட்டரில் 30 ஆம்பியர் இழுக்கிறது. நம்மிடம் இருப்பது 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராகச் சேர்த்தால் 24 வோல்ட், ஏஎச் அதே 150தான், கணக்குப்படி 5 மணி நேரம், ஆனால் முழுசாக இறக்கினால் பேட்டரி கெடும், காலையில் செல்ஃபும் எடுக்காது. 3 மணி நேரத்தோடு நிறுத்துகிறேன்.

கடைக்காரர் முதலில் போட்ட ஒயர் மெல்லிசு, கை வைத்தால் சூடு. சண்டை போட்டு தடித்த ஒயரும், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸும் போட வைத்தேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், தீப்பிடிக்கிற விஷயம்.

அப்புறம் கூரைக்கு உள்பக்கம் ஃபோம் ஷீட் ஒட்டினோம், அதற்குப் பிறகுதான் கம்ப்ரசர் அடிக்கடி ஓய்வெடுக்கிறது. ஏசி வாங்கும் முன்பே அதைச் செய்யுங்கள். இதில் ஹீட்டர் கிடையாது, வடக்கே டிசம்பர் லோடுக்குக் கம்பளிதான்.