இணையப் பாதுகாப்பு, டிஜிட்டல் தடயவியல்: நிறுவனத்தின் பணம் எதற்கு முதலில்?

2018 பிப்ரவரி 7ஆம் தேதி. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் முந்தைய நாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் ஸ்விஃப்ட் என்ற, வங்கிகளுக்கு இடையிலான செய்தி வலையமைப்பு வழியாக வெளிநாட்டுக்குப் போயிருப்பது தெரியவந்தது. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். ஸ்விஃப்ட்டின் ஒப்புகைத் தகவல்களை அச்சிடும் பிரிண்டரை ஊடுருவியவர்கள் முன்கூட்டியே முடக்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016இல், டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியின் பிரிண்டரும் இப்படித்தான் முடக்கப்பட்டது. அங்கே வார விடுமுறை குறுக்கிட்டது. மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை வேறு. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கும்பகோணத்தில் மறுநாளே கண்டுபிடித்ததால் 5 லட்சம் டாலர் கொண்ட ஒரு பரிமாற்றம் உடனடியாகத் தடுக்கப்பட்டது.

இரண்டு இடங்களிலும் காவல் உடைந்தது. உடைந்ததை அறிய எடுத்த நேரம்தான் இழப்பின் அளவைத் தீர்மானித்தது. தாக்குதலை வராமல் தடுக்கும் பாதுகாப்பா, நடந்த பிறகு தடயங்களைத் தேடி ஆராயும் தடயவியலா என்ற கேள்வியை நான் இந்த இடத்தில் வைத்தே பார்க்கிறேன். நடுத்தர நிறுவனத்தின் உரிமையாளருக்கு இந்த இரண்டும் ஒரே பணப்பெட்டிக்குப் போட்டியிடும் செலவுகள். நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலை விற்பவர் ஒருபுறம், விசாரணைச் சேவை விற்பவர் மறுபுறம். ஒவ்வொருவரும் தம்முடையதே போதும் என்கிறார்கள்.

முதல் ரூபாய் பாதுகாப்புக்கே போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம். அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளப் பணம் தேவைப்படவில்லை, ஒருவரின் அரை நாள் வேலை போதும். அதைச் செய்யாத நிறுவனத்துக்கு உலகின் மிகச் சிறந்த தடயவியல் நிபுணர் வந்தாலும், 'மார்ச் மாதத் திருத்தம் போடப்படவில்லை' என்றுதான் அறிக்கை எழுத முடியும். மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு, மாதந்தோறும் திருத்தங்கள், நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவைத்த ஒரு பேக்கப், எல்லோருக்கும் அட்மின் உரிமை தராமை: இந்த நான்கும் இல்லாத நிறுவனம் தடயவியலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கழற்றிவைத்த பேக்கப்பின் அருமைக்கு மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சாட்சி. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் எதில் உள்நுழையலாம் என்பதை நிர்வகிக்கும் சர்வர்கள்) அத்தனையும் அழிந்தன. கானா நாட்டில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மறுபடி நிறுவினார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. மின்வெட்டு காப்பாற்றும் என்று நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது.

ஆனால் பாதுகாப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது. அது 'உள்ளே வராதே' என்று சொல்லும். வந்தவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்ட் 11 அன்று, போலி அட்டைகள் மூலம் 28 நாடுகளில் ஏடிஎம்களிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதி, ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங் கணக்கு ஒன்றுக்கு இன்னும் ஏறத்தாழ 14 கோடி ரூபாய் போனது. மொத்த இழப்பு 94 கோடி. முதல் அடி விழுந்ததும் பிரச்சினை ஏடிஎம் பக்கம்தான் என்று தோன்றுவது இயல்பு. ஊடுருவியவர் வேறு எந்தக் கணினியில் எந்தக் கடவுச்சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது தடயவியலின் வேலை. ரான்சம்வேரிலும் இதே கதைதான். பேக்கப்பை மீட்டு வைத்தவுடன் நிம்மதி வருகிறது; நுழைந்த வழி அடைபடாவிட்டால் அதே ஆள் அதே வழியில் திரும்ப வருவார்.

திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்கள் நன்றாக அறிந்த மோசடி ஒன்று உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று உங்கள் பெயரில் மின்னஞ்சல் போகிறது. அவர் பணத்தை அனுப்பிவிடுகிறார். சரக்கு கப்பலேறிவிட்டது, பணம் உங்களுக்கு வரவில்லை. இப்போது சண்டை மோசடிக்காரரோடு அல்ல, வாடிக்கையாளரோடு. 'உங்கள் மின்னஞ்சல்தான் கைமாறியது' என்கிறார் அவர். 'உங்களுடையதுதான்' என்கிறீர்கள் நீங்கள். இந்த வழக்கில் ஃபயர்வால் சாட்சி சொல்லாது. மின்னஞ்சல் எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஹெடர் தகவல்கள், எந்த நாட்டு முகவரியிலிருந்து யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்ற பதிவு, பெட்டிக்குள் வரும் மின்னஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும்படி யாரோ ரகசியமாக வைத்த விதி ஆகியவை சாட்சி சொல்லும். அவற்றைக் காட்டக்கூடியவர் பக்கம் பேச்சுவார்த்தை சாய்கிறது. டிசைன் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குப் போகும் ஊழியர் விஷயமும் இப்படித்தான். அவர் பூட்டை உடைக்கவில்லை. சாவி அவரிடமே இருந்தது. எந்தப் பென் டிரைவ் எந்த நாளில் செருகப்பட்டது என்பது விண்டோஸில் பதிவாகியிருக்கும், அதற்குள் அந்த மடிக்கணினியை ஃபார்மேட் செய்து அடுத்த ஊழியருக்குக் கொடுத்துவிடாமல் இருந்தால்.

இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்வது சம்பவம் நடந்த முதல் மணி நேரத்தில்தான். உற்பத்தி மேலாளர், 'எல்லாவற்றையும் அழித்து மறுபடி போடுங்கள், மாலைக்குள் பில் போடவேண்டும்' என்பார். தடயவியலாளர், 'எதையும் தொடாதீர்கள்' என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டதாகத் தெரியும் இரண்டு மூன்று கணினிகளையும் முக்கிய சர்வரையும் தடயத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை மீட்புக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒதுக்கியவற்றின் நெட்வொர்க் கம்பியை உருவுங்கள். கோப்புகள் கண்முன்னே பூட்டப்பட்டுக்கொண்டிருந்தால் ஒழிய மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். ராம் நினைவகத்தில் இருப்பது அணைத்ததும் போய்விடும், சில சமயம் ரான்சம்வேரின் சாவியும் அதில்தான் இருக்கும். ஹார்டு டிஸ்க்கை, அதில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் தடுக்கும் கருவியோடு நகலெடுத்து, ஹேஷ் மதிப்பை (தரவு சற்று மாறினாலும் மாறிவிடும், விரல்ரேகை போன்ற எண்ணை) குறித்துக்கொண்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைக்க வேண்டும்.

இந்தச் சடங்கு எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்குச் சட்டம் பதில் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழைக் கேட்கிறது. அதில் 'அ' பகுதி ஆவணத்தைத் தருபவருக்கு, 'ஆ' பகுதி நிபுணருக்கு. ஹேஷ் மதிப்பை எழுத இடம் உண்டு. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவோ, சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக் பதிவுகளை (கணினியில் எப்போது என்ன நடந்தது என்று அதுவே எழுதிவைக்கும் குறிப்புகளை) 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு தவறுகளுக்கும் தனித்தனியே விலை வைத்திருக்கிறது: தக்க பாதுகாப்பு இல்லையென்றால் 250 கோடி ரூபாய் வரை, தரவு கசிந்ததைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரை. யாருடைய தரவு போனது என்றே தெரியாமல் யாருக்கு எதைத் தெரிவிப்பது?

செலவுக்கு வருகிறேன். வங்கியோ பெரிய மருத்துவமனையோ அல்லாத நிறுவனம் சொந்தத் தடயவியல் கூடம் வைப்பது வீண். அந்த மென்பொருள் உரிமங்களும் பயிற்சி பெற்ற ஆளும் ஆண்டு முழுவதும் சும்மா இருப்பார்கள். வெளி நிறுவனம் ஒன்றோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் லாக் பதிவை மட்டும் யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து தர முடியாது, அது நடந்த நாளில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸின் பாதுகாப்பு லாக், யாரும் மாற்றாதவரை, சுமார் 20 எம்பி அளவுதான். நிறைந்ததும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். பரபரப்பான சர்வரில் அது சில நாட்களுக்குக்கூடத் தாங்காது. ஊடுருவியவர்கள் வந்து மாதக் கணக்கில் ஆன பிறகே பல நிறுவனங்களுக்குத் தெரியவருகிறது. ஆகவே லாக்குகளை உடனுக்குடன் தனிக் கணினிக்கு அனுப்பி, அங்கே யாரும் அழிக்க முடியாதபடி வைக்கவேண்டும். இது பாதுகாப்புக் கணக்கிலா தடயவியல் கணக்கிலா என்று விற்பனையாளர்கள் வாதாடட்டும். மாலையில் யாராவது அதைப் பார்த்தால் அது பாதுகாப்பு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தடயவியல். புதிய ஃபயர்வாலுக்கும் இதற்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பழைய ஃபயர்வாலை இன்னும் ஓராண்டு ஓட்டுவேன், அதற்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்வரை.

ஒப்பந்தம் போடும்போது அந்த வெளி நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? 63ஆம் பிரிவுச் சான்றிதழின் 'ஆ' பகுதியில் கையெழுத்திட்டு, தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் வருபவர் யார்? எங்கள் லாக்குகளை இன்றைக்கே ஒருமுறை பார்த்து, இவை விசாரணைக்குப் போதுமா என்று எழுத்தில் தருவீர்களா?