முகம் பார்க்காமல் வாங்கும் பலகாரம்: மாட்ரிட் கார்போனெராஸ் மடம்

மாட்ரிட்டில் இனிப்பு எங்கே வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த மடத்தைத்தான். சான் மிகேல் சந்தைக்குப் பக்கத்தில், கொந்தே தே மிராந்தா சதுக்கத்தில் 3ஆம் எண் கதவு. கண்ணாடி அலமாரி, விளக்கு எதுவும் உங்களைக் கூப்பிடாது. அழைப்பு மணிகளில் 'மோன்ஹாஸ்', அதாவது கன்னியர், என்று எழுதியிருப்பதை அழுத்த வேண்டும். இனிப்பு வாங்க வந்தேன் என்று சொன்னால் கதவு திறக்கும். உள்ளே 'தோர்னோ' என்ற அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போனால் சுவரில் ஒரு மரச் சுழல்தட்டு இருக்கும். கடை அவ்வளவுதான்.

ஜெரோம் சபைக் கன்னியர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே இருக்கிறார்கள். கார்போனெராஸ் என்பது ஊர் வைத்த பெயர்; கரிக் கிடங்கில் கிடைத்த மாதா படம் ஒன்று இந்த மடத்துக்கு வந்ததால் அப்படி ஆனது. இது அடைபட்ட மடம். நம் ஊரில் சிஸ்டர்கள் என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டுத் திருப்பலி என்று தினம் கண்ணில் படுகிறவர்கள். இங்கே உள்ளவர்கள் வைத்தியம் மாதிரி தவிர்க்க முடியாத காரியம் இல்லாமல் மடத்தை விட்டு வெளியே வருவதில்லை. விற்கும்போதும் முகம் காட்டுவதில்லை. சுழல்தட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும்.

ஸ்பெயின் மடங்களின் பழைய வழக்கப்படி அந்தக் குரல் 'ஆவே மரியா புரீசிமா' என்று தொடங்கினால், 'சின் பெகாதோ கொன்தெபீதா' என்று பதில் சொல்வது மரியாதை. பாவமின்றிக் கருவான அமலோற்பவ மாதாவைச் சொல்லும் வாழ்த்து இது. தெரியாவிட்டால் வணக்கம் சொல்லுங்கள், போதும். சுவரில் இருக்கும் விலைப் பட்டியலைப் பார்த்து வேண்டியதைச் சொல்ல வேண்டும். தட்டு சுழன்று பெட்டி வரும். பணத்தை வைத்தால் மறுபடி சுழன்று மீதிச் சில்லறை வரும். அவசரமே இல்லாத வியாபாரம். எனக்கு இங்கே பிடித்ததே அதுதான்.

சரி, பலகாரத்துக்கு வருவோம். என் ஓட்டு நாரன்ஹீனெஸ் என்ற ஆரஞ்சு பிஸ்கட்டுக்கு. ஆரஞ்சு வாசம் மேலே நிற்கும், பின்னால் லேசான கசப்பு வரும், டீயோடு அருமையாகப் போகும். பாதாம் பிஸ்கட் அடுத்தது. வாயில் போட்டதும் மணலாக உதிரும், சர்க்கரையை மீறிப் பாதாம் தெரியும். மந்தெகாதோ என்ற உதிரும் பிஸ்கட்டை வாங்குகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அதில் வழக்கமாகச் சேர்ப்பது பன்றிக் கொழுப்பு. சைவம் சாப்பிடுகிறவர்களும் முஸ்லிம் நண்பர்களுக்கு வாங்கிப் போகிறவர்களும் ஒவ்வொரு வகையையும் பற்றித் தட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமே விசாரித்து வாங்குங்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

முட்டை மஞ்சள்கருவில் செய்யும் யேமா மடங்களுக்கே உரிய இனிப்பு. ஒயினைத் தெளிய வைக்க வெள்ளைக்கருவைப் பயன்படுத்திய ஆலைகள் மிஞ்சிய மஞ்சள்கருவை மடங்களுக்குக் கொடுத்தன. அதிலிருந்து வளர்ந்தது இது என்பார்கள். கல்யாண நாளில் மழை வரக் கூடாது என்று கிளாரம்மாள் சபை மடத்துக்கு ஒரு டஜன் முட்டை கொண்டுபோய் ஜெபம் கேட்கும் வழக்கமும் ஸ்பெயினில் இன்னும் உண்டு. யேமாவுக்கென்றே ஆசைப்பட்டால் செவில்லா போகும்போது அகுஸ்தீன் சபையினரின் சான் லெயாந்த்ரோ மடத்தில் வாங்குங்கள். நல்ல தித்திப்பு, என்னால் ஒன்றுக்கு மேல் முடியாது. ஆனால் அந்த ஒன்று அபாரம்.

கார்போனெராஸில் ருசி பார்த்து வாங்க முடியாது. கொஞ்சமாகவும் கேட்க முடியாது, அரைக் கிலோ, ஒரு கிலோ என்றுதான் கணக்கு. தனியாகப் பயணம் போகிறவருக்கு அது அதிகம், இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட் பிஸ்கட்டைவிட விலை கூடுதல்தான். கையால் செய்த பலகாரத்துக்கு அது நியாயம் என்பது என் கணக்கு.

இங்கே வாங்க இன்னொரு காரணமும் உண்டு. 1836இல் ஸ்பெயின் பிரதமர் மெந்திசாபாலின் அரசு மடங்களின் நிலபுலன்களைப் பறிமுதல் செய்து விற்றது. அதுவரை உபகாரிகளுக்கு அன்பளிப்பாகப் போன பலகாரம் பல மடங்களுக்குச் சோறு போடும் தொழிலானது அதற்கு அப்புறம்தான். இப்போது அடுத்த நெருக்கடி: ஸ்பெயின் முழுக்கச் சகோதரிகளுக்கு வயதாகிவிட்டது, மடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கென்யாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த இளம் கன்னியர்தான் பல இடங்களில் அடுப்பையும் ஜெபத்தையும் அணையாமல் காக்கிறார்கள். நாள் முழுக்க ஜெப நேரங்களுக்கு நடுவே மாவு பிசைகிற அந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கும் பணம் நேராகப் போகிறது. விசுவாசம் இல்லாதவர்களும் இங்கே வாங்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

போகும்போது ரொக்கமாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மூடிவிடுவார்கள், அதனால் காலையில் போய்விடுவது நல்லது. கேமராவைப் பைக்குள் வையுங்கள். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் மாட்ரிட்காரர்களே வரிசையில் நிற்பார்கள், டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.