மாவு மில் பக்கத்தில் ஒரு கேமரா மேசை: மூன்று வருட அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாவு மில். அது ஓடினால் எங்கள் வீட்டுத் தரையும் அதிரும். நான் செய்வது பழைய கண்ணாடி நெகட்டிவ்களையும் பிலிம்களையும் கேமராவால் படமெடுத்து டிஜிட்டலாக மாற்றித் தரும் வேலை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த குடும்பங்களின் பெட்டிகளில் இருந்து வருபவை அவை. வேறு பிரதி கிடையாது. கேமரா சென்சாரின் ஒரு புள்ளி சுமார் 4 மைக்ரான். அரை விநாடி எடுக்கும் படத்தில் கேமராவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே 10 மைக்ரான் ஆட்டம் இருந்தாலே முகங்களின் கண்ணிமை கலங்கிவிடும்.

கொஞ்ச நேரம் மில்லை நிறுத்தி வைக்க முடியுமா என்று மில்லில் இருக்கும் ஆச்சியிடம் போய்க் கேட்டேன். "தம்பி, தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கங்க, பலகார மாவு நிக்காம ஓடும்" என்றார்கள். அவர்கள் பிழைப்பு அது. நம் பக்கம்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

முதலில் எல்லாரையும் போல ரப்பர் பேட் வைத்தேன். படம் முன்னைவிட மோசமானது! காரணம் பிறகுதான் புரிந்தது. மில் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது விநாடிக்கு 24 அதிர்வு. மேசை தன்னியல்பாக ஆடும் வேகம் 17-க்குக் கீழே இருந்தால்தான் அதிர்வு குறையவே தொடங்கும். எடை வைத்ததும் 1 மில்லிமீட்டர் அமுங்குகிற ரப்பருக்குக் கணக்குப்படி 16 வரும். ஆனால் ரப்பர் நிலையாக அமுங்கும்போது காட்டும் மென்மையை அதிரும்போது காட்டாது, விறைத்துக்கொள்ளும். ஆக 24-க்குப் பக்கத்தில் போய் நின்று அதிர்வைப் பெருக்கியிருக்கிறது.

சரி, மெல்லிய ஸ்பிரிங் போடலாமே என்றால், விநாடிக்கு ஒரே ஆட்டம் என்ற அளவுக்கு மென்மை வேண்டுமானால் அந்த ஸ்பிரிங் எடை தாங்கும்போதே 25 சென்டிமீட்டர் இறங்கும். மேசை அப்படியே சாய்ந்து விழும். எடை இரட்டித்தால் இறக்கமும் இரட்டிக்கிற நேரியல் ஸ்பிரிங்கில் இதற்குத் தப்பு வழி இல்லை.

இங்கேதான் நேரியல் அல்லாத முறை கைகொடுத்தது. எடையைத் தாங்க நடுவில் ஒரு கெட்டியான ஸ்பிரிங். இரண்டு பக்கமும் படுக்கைவாட்டில் அமுக்கி வைத்த இரண்டு ஸ்பிரிங்குகள். மேசை நடுநிலையில் இருக்கும்போது பக்க ஸ்பிரிங்குகள் மேலேயும் தள்ளாது, கீழேயும் தள்ளாது. மேசை சற்று நகர்ந்ததும் நகர்ந்த பக்கமாகவே இன்னும் தள்ளும். நடு ஸ்பிரிங் திருப்பி இழுக்கும். இரண்டும் கழிந்து மிஞ்சும் விறைப்பு மிகக் கொஞ்சம். தாங்கும் பலம் அப்படியே இருக்க, மென்மை மட்டும் கூடுகிறது. லேத் பட்டறையில் வெல்டிங்கோடு சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. கேமரா, தூண், விளக்குப் பெட்டி எல்லாம் ஒரே இரும்புத் தகட்டின் மேல், மொத்தம் 20 கிலோ. கேமராவைத் தனி முக்காலியில் வைக்கவே கூடாது. கேமராவும் நெகட்டிவும் சேர்ந்து ஆடினால் படத்துக்குக் கெடுதல் இல்லை.

நடு ஸ்பிரிங்கின் விறைப்பு மீட்டருக்கு 5000 நியூட்டன். அதில் பக்கத்து ஸ்பிரிங்குகள் 4200-ஐக் கழிக்க, மிச்சம் 800. விரலால் மெல்லத் தட்டிக் கடிகாரம் பார்த்தால் 10 ஆட்டத்துக்கு 10 விநாடி. மில் ஓடும்போதே எடுத்த முதல் படத்தில் ஒரு பாட்டியின் காதுத் தோடு கல் கல்லாகத் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வாங்குகிறவர்களும் செய்கிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மென்மை கழித்தலில் கிடைப்பது. 4200-இல் வெறும் ஒரு சதவீதம் மாறினாலும் மிஞ்சும் 800-இல் அது ஐந்து சதவீதம். முதல் வருடம் சட்டத்தைப் பழைய தேக்கில் செய்திருந்தேன். ஐப்பசி அடைமழையில் மரம் ஊதி, பக்க ஸ்பிரிங்குகள் கூடுதலாக அமுங்கின. ஒருநாள் காலை தொட்டதும் எண்ணெய் டின் மூடி போல 'டொக்' என்று மேலே போய் நின்றுகொண்டது, நடுவுக்கு வரவே இல்லை. ஆச்சி மில் ஓயாமல் ஓடும் அதே தீபாவளி வாரம். அப்புறம் சட்டத்தை இரும்பு ஆங்கிளுக்கு மாற்றினேன், தொந்தரவு தீர்ந்தது.

எடை மாறினாலும் இதே கதைதான். 600 கிராம் லென்ஸ் ஒன்றைக் கூட்டினால் மேசை ஏழு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கி நடுநிலையை விட்டுப் போய்விடும். வீட்டில் கிடந்த பழைய பித்தளை எடைக்கற்களை ஓரத்தில் வைத்து, லென்ஸ் மாற்றும்போது ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து மொத்தத்தை 20 கிலோவிலேயே நிறுத்துகிறேன்.

இந்த அமைப்பு மேல்கீழ் ஆட்டத்துக்கு மட்டும்தான். பக்கவாட்டுக்கு என்ன செய்வது என்று பல நாள் யோசித்தேன். விடை வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) தொங்கிக்கொண்டிருந்தது. ஊஞ்சல்! எட்டடிச் சங்கிலியில் ஊஞ்சல் ஒருமுறை போய்வர மூன்று விநாடிக்குச் சற்று மேல், பலகையில் எவ்வளவு எடை வைத்தாலும் அதே நேரம்தான். விநாடிக்கு 24 முறை வரும் பக்கவாட்டு அதிர்வை அது கண்டுகொள்வதே இல்லை. பலகையின் மேல் ஸ்பிரிங் அமைப்பு, அதன் மேல் கேமரா என்று மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. வீட்டில் யாருக்கும் ஊஞ்சல் இல்லாமல் போனதுதான் குறை, ஆயா (பாட்டி) இன்னும் மன்னிக்கவில்லை.

தொட்டால் அடங்க நேரமாகும் என்பது இன்னொரு சங்கடம். ஒரு சின்னத் தகட்டை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் தொங்கவிட்டேன், பத்து விநாடிக்குள் அமைதியாகிறது. தகட்டைப் பெரிதாக்கினால் அதன் வழியாகவே மில் அதிர்வு ஏறிவிடும், அதனால் சின்னது போதும். கேமராவின் தடித்த ஒயரும் அதே தவறைச் செய்யும். மெல்லிய ஒயரைத் தளர்வாக வளைத்துவிடுங்கள், ஷட்டருக்கு ரிமோட் வையுங்கள்.

தெருவில் லாரி போகும்போது ஒன்றைக் கவனித்தேன். பெரிதாக ஆடும்போது மேசை வேகமாக ஆடுகிறது, பத்து ஆட்டம் எட்டு விநாடியில் முடிந்துவிடுகிறது. நடுவை விட்டு விலக விலக விறைப்பு கூடுவதால் அப்படி. இவ்வகை ஆட்டத்தை கேயோர்க் டஃபிங் 1918-லேயே எழுதிவைத்திருக்கிறார். லாரி போய் ஆட்டம் அடங்கும்வரை ஷட்டரைத் தொடுவதில்லை.

ஜெனரேட்டருக்கு இதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், டீசல் குறையக் குறைய எடை மாறும். கானாடுகாத்தானில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் கம்பிவடச் சுருள் தாங்கிகள் போட்டார். வடத்தின் இழைகள் ஒன்றோடொன்று உரசுவதால் இன்ஜின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் குலுக்கல் நன்றாக அடங்கிவிட்டது. ராத்திரி மெல்லிய முனகல் மட்டும் போகவில்லை. சின்ன அதிர்வில் இழைகள் நழுவாமல் ஒட்டிக்கொண்டு விறைப்பாகவே நின்றுவிடுகின்றன.

என்னுடையதில் இரண்டாம் வருடம் ஒரே மாற்றம். பக்க ஸ்பிரிங்கின் முனை போல்ட்டுகள் துருப்பிடித்து இதே போல ஒட்டிக்கொண்டன, மெல்லிய எஃகுத் தகட்டை வளையும் கீலாக வைத்தேன். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை தட்டிவிட்டு எண்ணுவதோடு சரி. போன வாரம் எண்ணியபோதும் பத்துக்குப் பத்துதான்.