2 மி.கி. நிகோடின் சூயிங்கம்: நீலகிரியில் எடுபடுமா?

சிகரெட்டை விட உதவும் நிகோடின் சூயிங்கத்தில், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பது 2 மி.கி. கண் விழித்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு இது பத்தாது, 4 மி.கி.க்கு டாக்டரைக் கேளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது மெல்லுவதில்தான். சாதா சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலுமே மிச்சம். சுள்ளென்று காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்கலாம். ஒரு கம் அரை மணி நேரம் தாங்கும்.

மலையில் சிக்கல் டீதான். டீயும் காபியும் வாயில் அமிலத்தைக் கூட்டி, நிகோடின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். குடித்து 15 நிமிடம் கழித்தே கம்மைப் போடுங்கள். குன்னூரில் மணிக்கொரு டீ குடிப்பவருக்கு இது லேசான காரியமல்ல.

நிகோடின் இல்லாத போலி கம்மோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் உண்மையான கம்மே ஜெயித்திருக்கிறது. சிகரெட்டை விடுவதற்கான மனப்பயிற்சிகளைச் சோதிப்பது அவ்வளவு எளிதல்ல: புகைக்கும் ஒவ்வொரு சிகரெட்டையும் நோட்டில் குறித்தாலே சில நாளைக்கு எண்ணிக்கை இறங்கும். பயிற்சியால் குறைந்ததா, நோட்டால் குறைந்ததா? அதனால் போலிப் பயிற்சி பெறும் குழுவுக்கும் அதே நோட்டு, அதே நேரம், அதே கவனிப்பு தரவேண்டும்.

அந்த நோட்டைக் கம்மோடு சேர்த்தே வாங்குங்கள். டீ, வர்க்கி, பஸ் ஸ்டாண்ட் என்று எது கையைச் சிகரெட்டுக்கு இழுக்கிறதோ அதையும் எழுதுங்கள். கம் அதைச் சொல்லாது.