மேட்டுப்பாத்திக்குப் பழைய மரம் வாங்குமுன்: ஸ்லீப்பர் கட்டையைத் தேக்கு என்று விற்கிறார்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டில் காய்கறி போட மேட்டுப்பாத்தி (சுற்றிலும் கரைகட்டி மண்ணை உயர்த்திய பாத்தி) கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மரம் வாங்குங்கள். மேட்டுப்பாளையம் போகும் வழியில் ஒரு பழைய மரக் கடையில் எனக்கு விற்றது ரயில்வே ஸ்லீப்பர் கட்டை, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுவது. விற்கும்போது சொன்னது, "இடிச்ச எஸ்டேட் பங்களா உத்தரம்க்கா, சுத்தமான தேக்கு."

காய்கறிப் பாத்திக்குத்தான் என்று முதலிலேயே சொன்னேன். மருந்து ஏதாவது ஏற்றியதா என்றும் கேட்டேன். "வெறும் மரம்தான், வார்னிஷ் மட்டும் நான் அடிச்சேன்" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவே அனுப்பினார். ரூ.18,000 கொடுத்தேன், வண்டி வாடகை தனி.

மழை நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. பிப்ரவரி வெயில் ஏறியதும் கட்டைகளின் பக்கவாட்டில் கறுப்பாகப் பிசுபிசுவென்று கசிய ஆரம்பித்தது. தாரும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை. தச்சு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து வார்னிஷைச் சுரண்டினார். உள்ளே, மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த ஓட்டைகள். தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்த ஆணி இறங்கிய இடங்கள் அவை. ஓட்டையை அடைத்து வார்னிஷ் அடித்தவருக்கு அது என்ன மரம் என்று தெரியாமல் இருக்குமா? அண்ணன் கையுறை போடாமல் கட்டையைப் புரட்டினார். மணிக்கட்டு சிவந்து, வெயில் பட்டதும் எரிச்சல் கூடிவிட்டது.

அந்தக் கறுப்பு கிரியோசோட். நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் எண்ணெய். கரையானும் பூஞ்சையும் அண்டாமலிருக்க அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள், அதனால் கழுவினாலும் இழைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களில் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதியே கிடையாது. நான் போட்டிருந்தது கேரட்டும் பீட்ரூட்டும், மண்ணுக்குள்ளேயே விளைகிற காய்கள். மண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். குழந்தைகள் பிடுங்கி அப்படியே கடிக்கிற கேரட் அது.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். பணம் திருப்பித் தர மாட்டாராம். பதிலாகப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பாதி விலைக்குத் தருகிறாராம், வெட்டிக் கரைகட்டிக்கொள்ளலாமாம். ஆஸ்பெஸ்டாஸை வெட்டும்போது பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். "வேணாம்னா கட்டையைக் குளிருக்கு எரிச்சுடுங்கக்கா" என்றார் கடைசியில். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கிரியோசோட் ஏறிய மரத்தின் புகையும் சாம்பலும் நஞ்சு. டிசம்பர் உறைபனியில் கதவை அடைத்துக்கொண்டு கணப்பு மூட்டுகிற ஊர் இது.

பச்சை தட்டிய பழைய கம்பங்களிலும் கவனம் வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றிய மரமாக இருக்கலாம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அந்த மரம் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கருங்கல் அடுக்கிக் கட்டியிருக்கிறேன். நம் சரிவுக்கு அதுதான் நிற்கும். மரமே வேண்டுமென்றால் மருந்து ஏற்றாத சீகை (வாட்டில்) அல்லது கற்பூர மரம் (யூகலிப்டஸ்) போதும். சில வருஷத்தில் மக்கும், மாற்றிக்கொள்ளலாம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும். நம் மண் புளிப்பு, அதனால் மண் பரிசோதனை செய்து புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத்தூளைத் தேவையான அளவு கலக்க வேண்டும்.

லோடு மண் வாங்கினால் எந்தத் தோட்டத்து மண் என்று கட்டாயம் கேளுங்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், தக்காளியையும் கத்தரியையும்கூடத் தாக்கும். உருளைக்கிழங்கு விளைந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

என் பில்லில் "பழைய மரம்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் "மருந்து ஏற்றாத மரம்" என்று எழுதி வாங்குங்கள், மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள். நான் அந்தக் குரல்பதிவோடும் ஓட்டைகளின் படங்களோடும் ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இப்படிக் கட்டை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.